நடுவில் யார் நிற்பது

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று இரண்டு கண்ணீர் அஞ்சலி, ஒரு பூப்புனித நீராட்டு விழா. அஞ்சலிக்காரர்களில் ஒருவருக்கு ரேஷன் கார்டில் இருந்த படம்தான் கிடைத்தது. கண்ணைத் திறந்து, மறைந்திருந்த காதை வரைந்து, வழக்கமான நீலக் கோட்டை மாட்டிக் கொடுத்தேன். மகன் பார்த்துவிட்டு, "எங்கப்பா கலெக்டர் மாதிரி இருக்காவ" என்று அழுதான். மனிதர் ஆயுசு முழுக்க எருமை மேய்த்தவர்.

இந்தக் கோட்டு என் கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை. சங்கரன்கோவிலில் தொடங்கி கன்னியாகுமரி வரை எந்த ஸ்டூடியோவுக்குப் போனாலும் இதே கோட்டு, இதே கோடு போட்ட டைதான். இத்தனை பேர் போட்டும் இன்னும் கிழியவில்லை.

சாயங்காலம் ஆவுடையப்பனும் பீர்முகமதுவும் கடைக்கு வந்தார்கள். நாங்கள் மூவரும் ஒரே ஸ்டூடியோவில் தொழில் பழகியவர்கள். ஆவுடை கல்யாணம், காதுகுத்து என்று ஊர் ஊராகப் போய் எடுக்கிறவன். நான் கடையில் உட்கார்ந்து திருத்துகிறவன். பீர் பிரேம் கடை வைத்திருக்கிறான். அவன் எடுப்பதை நான் திருத்தி, இவன் கண்ணாடிக்குள் அடைப்பான். ஊரில் பாதிப் பேர் எங்கள் கையைத் தாண்டித்தான் சுவரில் ஏறியிருக்கிறார்கள்.

"கடக்கரைக்குப் போவோம்ல" என்றான் ஆவுடை. "யார் வீட்டு விசேசமும் இல்லாம, நமக்குப் பிடிச்சதை எடுப்போம். பீருக்குத் தெரிஞ்ச ஆளு கீழத்தாழையில மாடி வீடு தாராராம்."

இருபதாம் தேதி மதுரையில் ஆவுடைக்கு ஆபரேஷன். நெஞ்சில் ஒரு வால்வை மாற்ற வேண்டுமாம். வால்வுதானே, சைக்கிள் டியூபில் மாற்றுவதில்லையா? இதைப் பெரிதாகப் பேசக் கூடாது என்று அவனிடமும் சொல்லிவிட்டேன்.

"முப்பது வருசம் ஆச்சு, மூணு பேரும் சேந்து ஒரு போட்டோ இல்லியேல" என்றான் பீர். இல்லைதான். மூன்று பேராக நின்று எடுத்தால் நடுவில் நிற்கிறவனுக்கு ஆகாது என்பார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கடையில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை வைத்திருக்கிறேன். மூன்று பேர் வந்தால் ஒருவர் மடியில் பொம்மையைக் கொடுத்து நாலாக்கிவிடுவேன். ஊரில் எத்தனையோ ஆல்பங்களில் அந்தப் பொம்மை இருக்கிறது. கல்யாணமாகாத அத்தைமார் மடியில்கூட இருக்கிறது.

பிப்ரவரி 10, திங்கள்

லென்ஸ் துடைத்தேன். பையில் துண்டு, தொப்பி, மூட்டுவலித் தைலம். ஆவுடையின் மனைவி செண்பகம் போன் செய்தது. "கூட நீங்க இருக்கீங்கன்னுதான் அண்ணே விடுதேன்" என்றது. சரிம்மா என்றேன்.

பிப்ரவரி 11, செவ்வாய். கீழத்தாழை

பீர் வேன் ஓட்டினால் நடந்தே போயிருக்கலாம் என்று தோன்றும். காலமெல்லாம் கண்ணாடி ஏற்றிப் பழகிய கை. பள்ளத்தைக் கண்டால் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்குவான். இன்று வேனில் ஒரு கண்ணாடித் துண்டுகூட இல்லை. இருந்தும் வழக்கத்தைவிட மெதுவாகத்தான் போனான். பாளையங்கோட்டை தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது, திரும்பி ஆவுடையை ஒரு பார்வை பார்த்தான். நான் பனைமரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வேனின் ஜன்னல் கம்பியில் ஒரு வெள்ளைச் சட்டை தொங்கியது. மொடமொடவென்று இஸ்திரி போட்டது. ஆவுடையுடையது. கல்யாண வீட்டுக்கே கசங்கிய கட்டம்போட்ட சட்டையில் போகிறவன்.

"கடலுக்குப் போறவனுக்கு இது எதுக்குல?"

"கெடக்கட்டும்" என்றான்.

நானும் அதற்குமேல் கேட்கவில்லை. உப்புக்காற்று பட்டால் வெள்ளை பழுப்பாகிவிடும், அவ்வளவுதான்.

வழியில் தேரிக்காட்டில் நிறுத்தினோம். செக்கச்செவேல் என்று மணல்மேடு, நடுவில் பனை. குங்குமத்தைக் கொட்டி வைத்த மாதிரி இருந்தது. நானும் பீரும் மேட்டில் ஏறினோம். ஆவுடை கீழேயே ஒரு பனைமூட்டில் உட்கார்ந்துகொண்டான். "நீங்க ஏறுங்கல. நான் இங்கன இருந்து உங்களை எடுக்கேன். கோணம் நல்லாருக்கும்" என்றான். உண்மைதான். கோணம் நன்றாகத்தான் வந்தது.

இறங்கி வந்தபோதும் அவன் எழுந்திருக்கவில்லை. வெயில் அதிகம். பதநீர் இப்போதுதான் இறக்க ஆரம்பித்திருக்கிறார்கள். பனையோலைப் பட்டையில் வாங்கிக் குடித்த பிறகு அவன் முகத்தில் கொஞ்சம் நிறம் வந்தது.

கீழத்தாழை சின்ன ஊர். ஒரு மாதா கோயில், அதைச் சுற்றி வீடுகள், அதற்குப் பிறகு கடல். நாங்கள் தங்கியிருப்பது பிரகாசி என்கிற அம்மாவின் மாடியில். ஐம்பது வயது இருக்கும். மகன் கப்பலில் வேலை செய்கிறான். சாப்பாடும் கீழே அவர் வீட்டில்தான். "மீன் முள்ளோடதான் இருக்கும், பாத்துத் தின்னுங்க, பொறவு என்னையச் சொல்லக்கூடாது" என்று அதட்டியபடியே பரிமாறினார்.

சாப்பிட்டுக்கொண்டே நிமிர்ந்தேன். எதிரே சுவரில் அவருடைய காலஞ்சென்ற கணவர், மாலையோடு. நீலக் கோட்டு. கோடு போட்ட டை.

ஆவுடையும் பார்த்துவிட்டான். என் முழங்காலில் இடித்தான். நான் சோற்றைப் பார்த்தேன். அவன் சிரிப்பை அடக்கப் போய்ப் புரையேறி, இருமி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பீர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

"முள்ளா?" என்று கேட்டார் பிரகாசி.

"முள்ளுதாங்க்கா" என்றேன்.

பிப்ரவரி 12, புதன். காலை

விடிந்ததும் கரைக்குப் போனோம். மீன்பிடி வள்ளங்கள் வந்து கரையேறிக்கொண்டிருந்தன. ஏலம் கூறும் சத்தம், மீனுக்கு மேல் வட்டமடிக்கும் பருந்து, ஐஸ் பெட்டி. நான் சுற்றிச் சுற்றி வந்து நாலு வள்ளத்தை எடுத்தேன். பார்த்தால் நாலும் காலண்டர் படம். பீர் தன் போனில் எதை எடுத்தாலும் ஓரத்தில் இடம் விட்டுத்தான் எடுப்பான், பிரேமுக்காம்.

ஆவுடை எடுப்பதைப் பார்ப்பதற்கே வரலாம். யாரையும் சிரிக்கச் சொல்ல மாட்டான். பக்கத்தில் போய்க் குந்தி, "காலையில என்ன சாப்பிட்டீக?" என்று ஆரம்பிப்பான். அதென்னவோ, சாப்பாட்டைச் சொல்லும்போது எவர் முகமும் தன் சொந்த முகமாகிவிடுகிறது. இன்று வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டான். "பழைய சோறும் நேத்து வச்ச சாளைக் கொழம்பும்" என்று அவர் நிமிர்ந்த நேரத்தில் ஒரே கிளிக். அந்தப் படத்தை நான் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் திருத்த முடியாது. திருத்த ஒன்றும் இல்லை.

பிறகு மாடிக்குப் போய்க் குளித்து அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். தலை சீவியிருந்தான். தன் கேமராவை என் கையில் கொடுத்தான்.

"என்னை ஒண்ணு எடுல. நேரா. நெஞ்சு வரைக்கும். பின்னால ஒண்ணும் வேண்டாம். தலைக்கு மேல கொஞ்சம் இடம் விடு."

தலைக்கு மேலே இடம் எதற்கு விடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா.

எடுத்தேன். முதல் படத்தில் சும்மா நிற்கிறானே என்று கையில் ஒரு மீன்கூடையைக் கொடுத்தேன், அது தாடையை மறைத்துவிட்டது. இரண்டாவது, மாதா கோயில் சுவர் முன்னால். ஒரு ஆடு குறுக்கே வந்தது. ஆட்டை நான் என்ன செய்ய முடியும்? மூன்றாவதில் கண் சிமிட்டிவிட்டான். நாலாவது காற்று, முடி பறந்துவிட்டது. அதற்குள் வெயில் ஏறி முகத்தில் நிழல் விழுந்தது. இந்த வெளிச்சத்தில் எவன் எடுத்தாலும் சரியாக வராது என்று கேமராவை மூடினேன்.

பீர் ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "லிங்கம்" என்றான், ஆவுடைக்குக் கேட்காதபடி. "மூடின கண்ணை எல்லாம் திறந்து வைக்கிறவன் நீ. இவன் திறந்த கண்ணை எப்ப மூடுவான்னு காத்திருந்து எடுத்திருக்க. ஏம்ல?"

சிமிட்டினான் என்றேன்.

அதே நாள், மாலை

மதியம் சாப்பாடு முடிந்து மாடியில் உட்கார்ந்திருந்தோம். ஆவுடை படங்களைப் பார்த்திருக்கிறான்.

"ஏல, நாள் குறிச்சாச்சு" என்றான். "நல்லா வரும்னுதான் டாக்டரும் சொல்லுதாரு. நல்லா வந்துட்டா அந்தப் படத்தை மூணு பேருமா அழிச்சிருவோம். வராட்டா செண்பகம் எங்க போவா? நான் ஊர்ப்பட்ட படம் எடுத்தவன். என்னைய எவன் எடுத்தான்? எல்லா வீட்டுக் கல்யாணத்துலயும் நான் கேமராவுக்குப் பின்னாலதான நிக்கேன். அவ ஆதார் அட்டையைத் தூக்கிட்டு உன் கடைக்குத்தான் வருவா. நீ என்ன செய்வ? அந்தக் கோட்டை மாட்டுவ."

"மாட்ட மாட்டேன்."

"மாட்டுவ. அழுதுக்கிட்டே மாட்டுவ. வேற என்ன இருக்கு உன்கிட்ட?" அவன் சிரிக்கவில்லை. "எனக்கு அந்தக் கோட்டு வேண்டாம்ல லிங்கம். அதைப் போட்டுக்கிட்டு எங்கூட்டுச் சொவத்துல யாரோ மாதிரி நிக்க என்னால முடியாது. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். எடுத்துக் குடு."

எனக்குக் கோபம் வந்தது. ஏன் வந்தது என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. "உன் எழவுக்குப் படம் பிடிக்க நான் ஆளில்ல. பீருகிட்ட சொல்லு, போன்ல எடுப்பான்" என்று கத்திவிட்டு இறங்கிவிட்டேன். வாயில் அப்படி ஒரு வார்த்தை வந்திருக்க வேண்டாம். பீர் பின்னாலேயே வந்து படியில் நின்றான். திரும்பிப் போய்விட்டான்.

கீழே பிரகாசி கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் என்ன சண்டை என்று கேட்கவில்லை, பாலில்லாத கட்டங்காப்பி வேண்டுமா என்று கேட்டார். காப்பியைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தவர், "நீங்க ஸ்டூடியோ வச்சிருக்கீங்களாமே. அந்தப் போட்டோவுல இருக்க கோட்டைக் கழட்ட முடியுமா?" என்றார்.

"யாரு எடுத்ததுக்கா அது?"

"எடுக்கலய்யா, செஞ்சது. அவுக காமாலையில போயிட்டாவ. கையில இருந்தது ஓட்டு அட்டைதான். கேமராவைக் கண்டாலே ஓடுவாவ. எங்க கல்யாணப் போட்டோவுலயும் குனிஞ்சிக்கிட்டு நிப்பாவ. ஓட்டு அட்டையைக் குடுத்தோம், இப்படிச் செஞ்சு தந்தாங்க. அந்த நேரத்துல அழகாத்தான் தெரிஞ்சுது."

உள்ளே போய்ப் படத்தை இறக்கிக்கொண்டு வந்தார். மாலையைத் தூக்கிக் காட்டினார். ஓட்டு அட்டைப் படத்தைப் பெரிதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மூக்கை யாரோ ஊகித்து வரைந்திருந்தார்கள். நானும் இப்படித்தான் ஊகிப்பேன்.

"மொதல்ல கொஞ்ச நாள் கண்ணை மூடினா அவுக முகம் வரும்" என்றார். "வேர்வையோட, பீடியோட, வள்ளத்துல இருந்து எறங்கி வாற மாதிரி. இப்ப மூடினா இந்தக் கோட்டுக்காரர்தான் வாறாரு. தெனமும் இதையே பாத்துப் பாத்து அவுக போயிட்டாவ. நல்லதா ஒண்ணு எடுத்து வச்சிருக்கலாம். எடுத்தா ஆயுசு குறையும்னு நான்தான் விடல. எடுக்காமலே குறைஞ்சு போச்சு."

கோட்டைக் கழற்றலாம். உள்ளே போட்டுக்கொள்ள அவருடைய சொந்தச் சட்டை எதுவும் படத்தில் இல்லை என்று சொன்னேன். "கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே இல்லியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சுவரில் திரும்ப மாட்டினார்.

இருட்டும்வரை கரையில் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 13, வியாழன். காலை

நேற்றுவரை எழுதியதில் பாதி பொய். ஆட்டைத் துரத்தியிருக்கலாம். கண் சிமிட்டினால் இன்னொன்று எடுத்திருக்கலாம். எனக்குப் பயம். படம் நன்றாக வந்துவிட்டால் அது தேவைப்பட்டுவிடுமோ என்று பயம். வேறொன்றுமில்லை. எத்தனையோ பேர் கண்ணைத் திறந்து வைத்து அனுப்பியிருக்கிறேன், அவன் கண்ணை என்னால் தொட முடியாது. அவன் இல்லாத சங்கரன்கோவிலில் நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்?

காலையில் அவன் எழுந்து உட்கார்ந்ததும், "வெள்ளைச் சட்டை எங்கல?" என்றேன்.

"அழுக்காயிட்டு. விடு."

"கட்டம்போட்டதையே போடு. அதுதான் நீ."

பீர் கேமரா பையைத் தூக்கிக்கொண்டான். கரையில் சாய்த்துப் போட்ட வள்ளம் ஒன்றின் மேல் ஆவுடையை உட்காரவைத்தேன். பின்னால் கடல் மட்டும். தலைக்கு மேலே இடம் விட்டேன். முப்பது வருசத்தில் அவன் எனக்குத் தந்த படங்கள் ஆயிரமாயிரம் இருக்கும், கேமராவுக்கு முன்னால் அவனை நான் பார்த்ததே இல்லை. விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். தாடையை இறக்கு, தோளைத் தளர்த்து என்று ஸ்டூடியோவில் சொல்வதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பாஸ்போர்ட்டுக்கு வந்தவன் மாதிரி இன்னும் விறைத்தான்.

"காலையில என்னல சாப்பிட்ட?" என்றேன்.

ஒரு கணம் முழித்தான். என் கத்தியாலேயே என்னைக் குத்துகிறான் இவன் என்று அவனுக்குப் புரிந்ததும் கண்ணில் முதலில் சிரிப்பு வந்தது, பிறகுதான் வாய்க்கு வந்தது. "உன் மூஞ்சிய" என்றான். அதற்குள் எடுத்துவிட்டேன்.

ஆவுடைதான் அது. இடதுபுறம் முடி நரைத்தது, மேலே ஒரு பித்தான் இல்லாதது, இன்னொருத்தனைப் பார்த்துக்கொண்டே இருக்கிற அந்தப் பார்வை, எல்லாம் இருந்தது. பீர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இதுக்குப் பிரேம் நான் போட மாட்டேன்" என்றான் கடலைப் பார்த்தபடி.

"போடாத. சும்மா இருக்கட்டும்" என்றான் ஆவுடை.

அப்போதுதான் பிரகாசி மீன் வாங்கக் கூடையோடு வந்தார். பீர் கேமராவை அவர் கையில் வைத்து, இதை அமுக்கணும் என்று காட்டினான். "மூணு பேரும் சேந்து நிக்கப் போறோம்க்கா."

"மூணு பேராவா? ஆகாதே" என்றார் அவர். "நான் வேணா வந்து நிக்கட்டா?"

"நீங்க நின்னா யாருக்கா எடுக்கது?"

அது நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டார். பக்கத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. நாலாவது ஆளாக அதைக் கூப்பிட்டுப் பார்த்தோம். எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டது. பொம்மை சங்கரன்கோவிலில் அலமாரியில் இருக்கிறது.

ஆவுடை மெல்ல நகர்ந்து நடுவில் வந்து நின்றான். "நான் நிக்கேன். எனக்கு என்ன, எப்படியும் டிக்கெட் போட்டாச்சி" என்று சிரித்தான். பீர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "நவுருல. நான் தொழுகுறவன், எங்களுக்கு இதெல்லாம் கிடையாது. நான்தான் நடுவுல." "உனக்கு மூணு பிள்ளை இருக்குல, நீ நவுரு" என்று ஆவுடை அவனைத் தள்ளினான். இரண்டு பேருக்கும் நடுவில் நான் தோளைக் கொடுத்து இடித்துக்கொண்டு புகுந்தேன். நம்பிக்கை இல்லாதவன்தான் அங்கே நிற்க வேண்டும் என்று நியாயம் பேசினேன். ஆவுடை என் இடுப்பில் கிள்ளினான். பீர் காலை மிதித்தான். வேட்டி அவிழ்கிற நிலை. மூன்று கிழட்டுப் பயல்கள் மணலில் கட்டிப் புரளாத குறை.

"நில்லுங்கய்யா ஒழுங்கா!" என்று பிரகாசி அதட்டியபடியே அமுக்கிவிட்டார்.

ஒரே ஒரு படம். எல்லாமே ஆடியிருக்கிறது. பீரின் கை ஆவுடை சட்டையில், ஆவுடையின் கை என் காதில், மூன்று வாயும் திறந்திருக்கிறது. தொழில் தெரிந்த எவனும் இதைக் கடையை விட்டு வெளியே விடமாட்டான். நடுவில் இருப்பது நான்.

கிளம்புகிற நேரம். பிரகாசி நல்ல சேலை கட்டி, தலையில் பூ வைத்து, படியில் வந்து உட்கார்ந்தார். "என்னைய ஒண்ணு எடுங்க. என் பையன் என்னைய யாரோவா நினைச்சிரக் கூடாது" என்றார். ஆவுடை பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காலையில் என்ன சாப்பிட்டார் என்று விசாரித்தான். அதற்குப் பிரேம் போட்டு அனுப்புவதாகப் பீர் வாக்குக் கொடுத்திருக்கிறான்.

பிப்ரவரி 15, சனி

கடையில் ஒரு அஞ்சலி. போனில் வேறு படம் இருக்கிறதா என்று கேட்டேன். தேடினார்கள். கொல்லையில் கோழிக்கு இரை போடும் படம் ஒன்று கிடைத்தது. கோட்டு மாட்டவில்லை. சொந்தக்காரர் ஒருவர், கொஞ்சம் கௌரவமாக இருந்தால் தேவலை என்றார். இந்த ஆச்சிக்கு இதுதான் கௌரவம் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஆவுடையின் படம் கேமரா கார்டிலேயே இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. மூன்று பேரும் நிற்கிற படத்தை மட்டும் என் போனுக்கு மாற்றிக்கொண்டு, கார்டை ஒரு உறையில் போட்டுப் பீரிடம் கொடுத்துவிட்டேன். அவன் எங்கே வைத்தான் என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

முடி வெட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 20, வியாழன். மதுரை

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சதுரமாக்கி எங்களைப் பிரேம் பிடித்துக் காட்டினான். பீர் வராந்தாவின் கோடிக்குப் போய்த் துண்டை விரித்துத் தொழுதான். நான் காண்டீனில் இட்லி வாங்கி வந்தேன், யாரும் சாப்பிடவில்லை.

செண்பகம் அழவில்லை. கையில் அவனுடைய செருப்பை ஒரு பையில் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மதியத்துக்கு மேல், "கடக்கரையில போட்டோ எடுத்தீங்களாமே அண்ணே, காட்டுங்க" என்றது.

நான் பீரைப் பார்த்தேன். பீர் என்னைப் பார்த்தான். என் போனில் இருந்தது அந்த ஆடிப்போன படம் ஒன்றுதான். காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தது. கேலியாக ஏதாவது சொல்லும் என்று நினைத்தேன். எங்கள் மூவர் கதையும், பொம்மை கதையும் தெரிந்த பெண்.

"நடுவுல நீங்களா நின்னீங்க?" என்றது.

"காத்து அடிச்சிதும்மா. தள்ளிவிட்டுட்டு. அப்படி அமைஞ்சிட்டு."

போனை என்னிடம் திருப்பித் தரவில்லை. சேலை முந்தியால் திரையைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டது. சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, முடிந்தது, இனி அவர் கண் விழிக்க வேண்டும் என்று சொன்ன பிறகும் போன் அதன் கையில்தான் இருந்தது.

பிப்ரவரி 21, வெள்ளி

கண் விழித்துவிட்டான். வாயிலிருந்த குழாயை எடுத்திருக்கிறார்கள். செண்பகமும் பீரும் நானும் கதவுக்கு வெளியே நின்றோம். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் பெண் தலையை நீட்டியது.

"இங்க லிங்கம்ங்கிறது யாரு?"

நான்தான் என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தது. "பேச வேண்டாம்னு சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு. உங்களுக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேட்டுட்டு வரச் சொல்றாரு."